நாய், பூனை உள்ள வீட்டுக்குத் தரை போடுவது: கொழும்புக்காரருக்கு ஒரு வழிகாட்டி

நாய் வளர்க்கிற வீட்டில் தரையைக் கெடுப்பது நகக்கீறல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கொழும்பில் அது மூன்றாம் பட்சம். இங்கே பெரும்பாலான வீடுகளில் டைல் அல்லது சீமெந்து. நாயின் நகம் அவற்றைக் கீறுகிற அளவுக்குக் கடினமானதல்ல. முதலில் கெடுவது டைலுக்கும் டைலுக்கும் நடுவிலுள்ள கோடு. அடுத்தது சுவரோரம். அந்த இரண்டு இடங்களாலும் சிறுநீர் கீழே இறங்கிவிட்டால், மேலே எத்தனை தரம் மொப் அடித்தாலும் மணம் போகாது. இன்னொரு கெடுதி தரைக்கு அல்ல, நாய்க்கு: கண்ணாடிபோல மினுங்கும் டைலில் பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விலகிப் போவது.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் அநேகமாக மரத்தரை போடுகிற குளிர்நாட்டு வீடுகளுக்கு எழுதப்பட்டவை. அங்கே கீறல்தான் பெரிய கவலை. இங்கே ஈரம் முதலாவது, வழுக்கல் இரண்டாவது, கீறல் மூன்றாவது. அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

படி 1: வீட்டில் யார், எங்கே

ஒரு தாளில் வீட்டின் படத்தைக் கீறிக்கொள்ளுங்கள். அளவு சரியாக இருக்கத் தேவையில்லை. நாய் வழக்கமாகப் படுக்கும் இடம், ஓடித் திரும்பும் முனை, தண்ணீர்ச் சட்டி, பூனையின் மணல் தட்டு, குட்டி அசுத்தம் பண்ணும் மூலை, வெளியிலிருந்து ஈரக்காலோடு வரும் வாசல் எல்லாவற்றையும் குறியுங்கள். ஒரு கிழமை பார்த்தால் இடங்கள் தெளிவாகத் தெரிந்துவிடும். வீடு முழுவதற்கும் ஒரே டைல் போடுவதா, மூன்று இடத்துக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்வதா என்பதை இந்தப் படம்தான் சொல்லும். வாசல், மணல் தட்டு, பல்கனி என்ற மூன்றையும் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது.

நாயின் எடையும் வயதும் முக்கியம். ஜேர்மன் ஷெப்பேர்ட், லாப்ரடோர் போன்ற பெரிய சாதிகளில் இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம். அவற்றுக்கு வழுக்கும் தரை உண்மையிலேயே கெடுதி. எட்டு வயது தாண்டிய எந்த நாய்க்கும் அப்படித்தான். தரையிலிருந்து எழும்பும்போது முன்னங்காலை ஊன்றிப் பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு எழும்புகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அழகைப் பற்றி யோசிக்காமல் பிடிமானமுள்ள தரையை எடுங்கள்.

காயடிக்காத கடுவன் பூனை இருந்தால் இன்னொரு சங்கதி. அது தரையில் அல்ல, நின்றபடி சுவரில் பீச்சும். நாலு அங்குல ஸ்கேர்டிங் (சுவரடியில் ஓடும் டைல் கீலம்) அதற்குப் போதாது. வழக்கமாகப் பீச்சும் மூலையில் இரண்டடி உயரத்துக்குச் சுவர் டைல் ஏற்றிவிடுங்கள். காயடித்தால் இந்தப் பழக்கம் பெரும்பாலும் குறையும். டைலை விட அது மலிவு.

படி 2: இப்போதுள்ள தரையைச் சோதித்தல்

புதுத் தரைக்குக் காசு கொடுக்க முன், கீழே என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும்.

தட்டிப் பார்ப்பது: ஒரு பத்து ரூபாய்க் குற்றியால் ஒவ்வொரு டைலின் நாலு மூலையையும் நடுவையும் தட்டுங்கள். 'டிக்' என்று கேட்டால் டைல் நன்றாக ஒட்டியிருக்கிறது. 'டொக்' என்று பொந்துச் சத்தம் வந்தால் கீழே வெற்றிடம் இருக்கிறது. அந்த வெற்றிடத்தில்தான் கோடு வழியாக இறங்கிய சிறுநீர் தேங்கும். மொப் அடித்த அன்று மணம் இல்லாமல், இரண்டாம் நாள் புழுக்கத்தில் திரும்ப எழும்பும் வீடுகளில் காரணம் அநேகமாக இதுதான்.

ஈரச் சோதனை: நிலமாடி வீடுகளுக்கு இது கட்டாயம், அதுவும் வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்ப் பக்கமென்றால் கேட்கவே வேண்டாம். தடிப்பான பொலித்தீனை 18 அங்குலச் சதுரமாக வெட்டி, சீமெந்துத் தரைமேல் வைத்து, நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். 24 மணித்தியாலம் விட்டுத் தூக்குங்கள். அடியில் நீர் முத்தாக நின்றாலோ சீமெந்து கறுத்திருந்தாலோ நிலத்திலிருந்து ஈரம் ஏறுகிறது. மழை விட்ட கையோடு ஒரு தரம், நல்ல வெயில் நாளில் ஒரு தரம் செய்வது நல்லது. ஈரம் ஏறும் தரையில் மரம், லேமினேட் (அழுத்திய மரத்தூள் பலகை) இரண்டையும் மறந்துவிடுங்கள்.

வெள்ளம் வந்த வரலாறு இருந்தாலும் அப்படியே. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் தண்ணீர் நின்ற நிலமாடிகளில் டைலும் சீமெந்தும் கழுவிப் பாவிக்கலாம். ஊதிப்போன லேமினேட்டைத் தூக்கி எறியத்தான் வேண்டும்.

மட்டம்: 2 மீற்றர் நீளமான நேர்ச்சட்டம் ஒன்றை நாலைந்து திசையில் வைத்துப் பாருங்கள். அடியில் 3 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி தெரிந்தால், கிளிக் முறையில் பூட்டும் எந்தத் தரைக்கும் முதலில் மட்டம் சரிசெய்யவேண்டும். டைலுக்கு இதைவிடக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இந்தக் கட்டத்திலேயே நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் அனுமதி கேட்டுவிடுங்கள். பழைய டைலை உடைக்கும் சத்தம், கழிவு இறக்கும் நேரம், லிஃப்ட் பாவிப்பு எல்லாவற்றுக்கும் அவர்களிடம் விதி இருக்கும். பழைய டைலுக்கு மேலேயே புது டைல் ஒட்டினால் உடைப்பு மிச்சம். ஆனால் தரை 12 மில்லிமீற்றரளவு உயரும், கதவுகளின் அடியைச் சீவ வேண்டிவரும். குளியலறை வாசலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதையும் அப்போது யோசிக்க வேண்டும். பொந்துச் சத்தம் கேட்ட டைலுக்கு மேல் மட்டும் எதையும் ஒட்டாதீர்கள்.

படி 3: பொருளைத் தெரிவுசெய்தல்

பெரும்பாலான வீடுகளுக்கு எங்கள் தெரிவு ஒன்றே: மினுக்கமில்லாத போர்சலின் டைல். காரணம் அதன் நீர் உறிஞ்சும் அளவு. சர்வதேச வகைப்படுத்தலில் போர்சலின் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. சாதாரண செராமிக் தரை டைல் 3 முதல் 6 சதவீதம் வரை குடிக்கலாம். சுவர் டைல் 10 சதவீதத்துக்கும் மேல். சுவர் டைலைத் தரையில் போடுகிற தவறு மலிவு விற்பனைகளில் இன்னும் நடக்கிறது. பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

பெட்டியில் இன்னும் இரண்டு அடையாளம் தேடுங்கள். ஒன்று, பி.இ.ஐ. எண். இது மேற்பூச்சின் தேய்மானத் தாங்கல்; 1 முதல் 5 வரை. படுக்கையறைக்கு 3 போதும், வாசலும் ஹோலும் 4 ஆக இருக்கட்டும். இது மேற்பூச்சுள்ள டைலுக்கு மட்டும் உரிய எண். நகத்துக்காக இதைப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கனிமங்களின் கடினத்தன்மை அளவில் மணல் 7, நகமோ 2.5 அளவில்தான் நிற்கும். கடற்கரைக்குக் கூட்டிப்போன நாயின் பாதத்தில் ஒட்டிவரும் மணல்தான் டைலின் மினுக்கத்தைச் சுரண்டும். அதைத் தேய்ப்பது நம்முடைய செருப்பும் கதிரைக் காலும். ஆகவே வாசலில் இரண்டு கால்துடைப்பான் போடுங்கள்: வெளியே தும்பு, உள்ளே துணி. ஒரு டைலின் விலைக்கு அது நூறு டைலைக் காக்கும்.

இரண்டாவது, வழுக்கல் தரம். ஆர்9 தொடங்கி ஆர்13 வரை போகும். எண் கூடக்கூடப் பிடிமானம் கூடும். வீட்டுக்குள் ஆர்10, மழைத்தூறல் படும் பல்கனிக்கும் விறாந்தைக்கும் ஆர்11. வீடு முழுக்க ஆர்11 போடுவது அதிகப்படி: சொரசொரப்பில் நாய்முடி சிக்கும், மொப்பின் நூல் பிய்யும், துடைக்கிறவர் உங்களைத் திட்டுவார்.

மினுக்கிய போர்சலின் பார்க்க ஆடம்பரமாகத்தான் இருக்கும். ஈரமானால் அதில் நாய் மட்டுமல்ல, மனிதரும் விழுவார்கள்.

மற்றப் பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக.

பழைய சிவப்புச் சீமெந்துத் தரை, கட் சீமெந்து: பழைய வீடுகளில் இன்னும் இருக்கிறது. நல்ல கையால் போட்டதென்றால் உடைக்காதீர்கள். அதில் கோடு கிடையாது, அதனால் சிறுநீர் இறங்க வழியும் குறைவு. வெடிப்பு விழுந்த இடத்தை மட்டும் அடையுங்கள். தேங்காய் மட்டையால் தேய்த்து மெழுகு ஏற்றுகிற பழக்கத்தைத்தான் குறைக்கவேண்டும். மெழுகு கூடினால் அது ஐஸ் கட்டிதான்.

டைட்டேனியம் தரை: பெயர் அப்படி இருந்தாலும் அடிப்படை சீமெந்துக் கலவைதான், மேலே காப்புப்படலம் பூசியிருக்கும். கோடில்லாத பரப்பு என்பது பெரிய நன்மை. குறை அந்தப் படலத்தில்: நாய் தினமும் பாய்ந்து திரும்பும் முனையில் நகம் படலத்தைத்தான் கீறும், பிறகு அந்த இடம் கறையைக் குடிக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபூச்சு தேவை என்பதை விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். மினுக்கமில்லாத பூச்சு கேட்டு வாங்குங்கள்.

டெராஸோ (கற்சில்லு கலந்து மினுக்கிய சீமெந்துத் தரை), மாபிள்: இரண்டும் குளிர்ச்சி, இரண்டுக்கும் அமிலம் எதிரி. எலுமிச்சையும் வினாகிரியும் டொய்லெட் கிளீனரும் மாபிளில் மங்கிய வட்டம் போடும். நாயின் வாந்தியும் அமிலம்தான்.

எஸ்.பி.சி.: சுண்ணாம்புக்கல் தூளும் பி.வி.சி.யும் சேர்த்த பலகை, கிளிக் முறையில் பூட்டுவது. பலகை தண்ணீருக்கு ஊதாது, காலடிக்கு டைலைவிட மென்மை, மாடிவீட்டில் நகச்சத்தமும் கீழ்வீட்டுக்குக் குறைவாகவே கேட்கும். மேற்படலம் 0.5 மில்லிமீற்றர் உள்ளதை எடுங்கள், 0.3 நாய்வீட்டுக்குக் காணாது. விற்பவர் 'நூறு வீதம் வோட்டர்ப்ரூஃப்' என்பார். பலகையைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் பூட்டு வழியாக இறங்கிய சிறுநீர் அடியிலுள்ள நுரைத்தாளில் தங்கும், அதை வெளியே எடுக்க வழியில்லை. மேற்கு வெயில் நேரே விழும் கடற்கரைப் பக்கத்துப் பெரிய ஜன்னலோரத்தில் அது சூட்டில் விரியும். சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீற்றர் இடைவெளி விடாவிட்டால் நடுவில் குமிழாக எழும்பும். ரப்பர் அடியுள்ள பாயை அதன்மேல் போட்டால் மஞ்சள் கறை பிடிக்கும், அது போகாது.

லேமினேட்: உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள். ஓரம் ஒருதரம் ஊதினால் திரும்ப இறங்காது. பயிற்சியில்லாத குட்டி இருக்கும் வீட்டுக்கு வேண்டாம்.

மரம்: தேக்கிலும் நகம் கீறும். அதோடு கறையான். மாடியில், வளர்ந்து பழகிய நாயோடு, கீறலைக் கீறலாகவே ஏற்றுக்கொள்பவர்களுக்கு மட்டும்.

படி 4: கடையில் செய்யவேண்டிய சோதனை

பழைய சோனகத் தெருவிலோ காலி வீதிக் காட்சியறையிலோ எங்கே வாங்கினாலும், கையில் ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலும் ஒரு மார்க்கர் பேனையும் ஒரு சாவியும் கொண்டுபோங்கள்.

மாதிரி டைலைத் திருப்பி அடிப்பக்கத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். போர்சலின் என்றால் சொட்டு அப்படியே நிற்கும்; சில நிமிடத்தில் உறிஞ்சிக் கறுத்தால் அது செராமிக். மேற்பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு இரண்டு நிமிடம் கழித்து ஈரத்துணியால் துடையுங்கள். நிழல் விட்டால் பரப்பில் நுண்துளை உண்டு, கறை பிடிக்கும். சாவியால் அழுத்தி இழுங்கள்: உலோகத்தின் சாம்பல்கோடு விழுவது பரவாயில்லை, அது துடைத்தால் போகும், விரலால் தடவும்போது பள்ளம் தெரிந்தால் வேண்டாம். கடைசியாக டைலைத் தரையில் வைத்து, தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று காலைத் திருப்புங்கள். கடைக்காரர் ஒருமாதிரிப் பார்ப்பார்தான், காசு உங்களுடையது.

இரண்டு டைலை முகத்தோடு முகம் வைத்துப் பாருங்கள். நடுவில் ஆடினால் டைல் வளைந்திருக்கிறது. நீளமான 60க்கு 120 சென்ரிமீற்றர் டைல்களில் இது கூடுதல். அவற்றைச் செங்கல்போலப் பாதிக்குப் பாதி தள்ளி வைக்காமல் மூன்றிலொரு பங்கு தள்ளி வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒன்றின் நடுமேடும் மற்றதன் ஓரப்பள்ளமும் சந்தித்துக் கால் தடக்கும்.

நிறம்: தூய வெள்ளையில் சேற்றுக்கால், கறுப்பில் வெளிர்முடி. மண்நிறம் கலந்த சாம்பல் இரண்டையும் மறைக்கும். ஆனால் புள்ளிபுள்ளியாக உள்ள கோலம் வேண்டாம், அதில் ஊரும் உண்ணி கண்ணில் படாது. கொழும்பில் நாய் வைத்திருக்கிறவருக்கு உண்ணி சின்னப் பிரச்சினையில்லை.

படி 5: எத்தனை வாங்குவது

12 அடிக்கு 14 அடி ஹோல் ஒன்றை எடுப்போம். 168 சதுர அடி. 60க்கு 60 சென்ரிமீற்றர் டைல் ஒன்று ஏறக்குறைய 3.87 சதுர அடி. ஆக 44 டைல். வெட்டுக்கும் உடைவுக்கும் பத்து வீதம் கூட்டினால் 48. நாலு டைல் கொண்ட பெட்டியில் 12 பெட்டி.

ஸ்கேர்டிங்: சுற்றளவு 52 அடி, வாசல் 3 அடி கழித்து 49. ஒரு டைலை நாலங்குலக் கீலங்களாக வெட்டினால் ஐந்து கீலம், கிட்டத்தட்ட 10 அடி கிடைக்கும். ஐந்து டைல் வேண்டும், ஒன்று மேலதிகமாக ஆறு. இதற்கு இரண்டு பெட்டி. எல்லாமாக 14 பெட்டி, அதில் இரண்டு டைல் எப்படியும் மிஞ்சும். எல்லாப் பெட்டியிலும் ஒரே ஷேட் இலக்கமா என்று லொறியில் ஏற்ற முன் பாருங்கள். ஒரே பெயருள்ள டைலாக இருந்தாலும் வேறு வேறு சூளைத் தொகுதியென்றால் நிறம் மாறும்.

ஒட்டுக்கலவை: 10 மில்லிமீற்றர் பல்லுக் கரண்டியில் சதுர மீற்றருக்கு 5 முதல் 6 கிலோ. இந்த ஹோல் 15.6 சதுர மீற்றர், ஆக 25 கிலோப் பை நாலு. கிரவுட் (டைல்களுக்கு நடுவிலுள்ள கோட்டை நிரப்பும் கலவை): 9 மில்லிமீற்றர் தடிப்பு டைல், 3 மில்லிமீற்றர் கோடு என்றால் இரண்டேகால் கிலோ போகும், 3 கிலோ வாங்குங்கள்.

பெரிய டைல் எடுப்பதில் ஒரு இலாபம் இங்கேதான். 30 சென்ரிமீற்றர் டைலில் சதுர மீற்றருக்கு ஆறேமுக்கால் மீற்றரளவு கோடு. 60 சென்ரிமீற்றரில் அதில் பாதி.

படி 6: மேசன் பாஸ் வேலை செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள்

பெரிய பிழை நடப்பது இந்தக் கட்டத்தில். பழகிய முறை என்னவென்றால், மணற்சீமெந்துப் படுக்கையின்மேல் சீமெந்துப் பாலை ஊற்றி டைலை வைத்துத் தட்டுவது. தண்ணீர் குடிக்கும் பழைய டைலுக்கு அது சரிவந்தது. போர்சலின் தண்ணீர் குடிக்காது, ஆகவே சீமெந்துப் பால் அதில் வேர் பிடிக்காது. வருடம் இரண்டில் பொந்துச் சத்தம் கேட்கத் தொடங்கும். போர்சலினுக்கு உரிய, பொலிமர் சேர்த்த டைல் ஒட்டுக்கலவையைத்தான் கேட்கவேண்டும். பையில் சி2 என்ற தரக்குறி இருந்தால் நல்லது. போர்சலினைத் தண்ணீரில் ஊறவைக்கவும் தேவையில்லை.

இரண்டாவது பிழை, நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து உருண்டை வைத்து டைலை அமுக்குவது. வேகமாக மட்டம் வரும், அதனால் பாஸுக்குப் பிரியம். அடியில் முக்கால்வாசி வெற்றிடம். கலவையைப் பல்லுக் கரண்டியால் ஒரே திசையில் கோடுகோடாக இழுக்கச் சொல்லுங்கள். டைலின் முதுகிலும் மெல்லிய பூச்சு பூசட்டும். மூன்றாவது டைலை வைத்தவுடன் ஒன்றைக் கிளப்பிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். முதுகு முழுவதும் கலவை படிந்திருக்க வேண்டும், மூலைகள் உட்பட. இந்த ஒரு சோதனைக்குப் பிறகு வேலை தானாகத் திருந்தும்.

மூன்றாவது, டைலைச் சுவரில் முட்ட வைப்பது. சுவரோரம் 5 முதல் 8 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, ஸ்கேர்டிங்கால் அதை மறைக்கவேண்டும். இடம் விடாத தரை ஒருநாள் சத்தத்தோடு நடுவில் கூரைபோல எழும்பும்.

பல்கனியில் 8 அடிக்கு 1 அங்குலச் சரிவு வடிகாலை நோக்கி. டைலுக்குக் கீழே நீர்க்காப்புப் பூச்சு இரண்டு கை, ஒன்றுக்கொன்று குறுக்காக, சுவரில் ஓரடி ஏற்றி. நாயைப் பல்கனியில் இருக்கவிடுபவர்கள் இதைத் தவிர்த்தால் கீழ்வீட்டுக்காரரின் சீலிங்தான் முதலில் சொல்லும்.

படி 7: கோடும் சுவரோரமும்

சீமெந்துக் கிரவுட் மலிவு, எல்லா பாஸ்மாருக்கும் கை பழகியது. ஆனால் அது துளையுள்ளது. சிறுநீரிலுள்ள யூரியா பாக்டீரியாவால் அமோனியாவாக மாறும், கோட்டுக்குள் இறங்கியபின் அந்த மணத்தைத்தான் நாங்கள் முகர்கிறோம். பூனையின் சிறுநீர் இன்னும் அடர்த்தி. பிசினால் ஆன எபொக்சி கிரவுட் துளையில்லாதது, எதையும் குடிக்காது. விலை பலமடங்கு. வீடு முழுக்கப் போடத் தேவையில்லை: படி 1 இல் கீறிய படத்தை எடுத்து, குட்டியின் மூலை, மணல் தட்டு, பல்கனி, சட்டி வைக்கும் இடம் ஆகியவற்றுக்கு மட்டும் எபொக்சி. மற்ற இடத்துக்குப் பொலிமர் சேர்த்த சீமெந்துக் கிரவுட், நன்றாகக் காய்ந்தபின் ஊடுருவும் சீலர் ஒரு கை.

எபொக்சி எங்கள் சூட்டில் சீக்கிரம் இறுகும். ஒரு தரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் கலக்க விடாதீர்கள். டைல்மேல் படிந்த பசையை அப்போதைக்கப்போதே துடைக்க வேண்டும். அடுத்தநாள் சுரண்டினாலும் போகாத புகைமூட்டம் நின்றுவிடும். செய்து பழகாத பாஸ் என்றால் முதலில் பல்கனியில் தொடங்கட்டும், ஹோலில் அல்ல.

சீமெந்துப் படிவைப் போக்க அசிட் ஊற்றிக் கழுவுவது இங்கே வழக்கம். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அது புதுக் கிரவுட்டின் மேற்பரப்பைத் தின்று பஞ்சாக்கிவிடும், பிறகு ஊறுவதைத் தடுக்க முடியாது.

ஸ்கேர்டிங்கும் தரையும் சேரும் முழுச்சுற்றுக்கும் சிலிக்கோன் இழுங்கள், கிரவுட் அல்ல. கிரவுட் அங்கே நூலளவு வெடிக்கும். டோர்ச் அடித்துப் பார்த்தால் அந்த வெடிப்பில் முடியும் தூசியும் கோடாகத் தெரியும். உண்ணி இருக்கும் வீட்டில் அதற்குள்தான் பெண் உண்ணி போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மருந்து அடித்தும் உண்ணி திரும்பத் திரும்ப வரும் வீடுகளில் பார்க்கவேண்டிய முதலிடம் இந்தச் சுவரோரம். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சணம் பிடிக்காத சிலிக்கோனை எடுங்கள். மாபிள் என்றால் நியூட்ரல் வகை. புளிமணம் வரும் வகை கல்லில் கறை போடும்.

படி 8: முதல் சில நாட்கள்

வேலை நடக்கும் நாட்களில் நாயையும் பூனையையும் வேறிடத்தில் விடுங்கள். ஈரச் சீமெந்தின் காரத்தன்மை பி.எச். அளவில் 12க்கு மேல். பாதத்தோலை எரிக்கும், நக்கினால் வாயையும். டைல் வைத்து 24 மணித்தியாலம் கழித்துத்தான் கிரவுட். கிரவுட் போட்டு இன்னொரு நாள் கழித்து நடமாட்டம். தண்ணீர் ஊற்றிக் கழுவுவது ஒரு கிழமைக்குப் பிறகு. திரும்பி வரும் நாய் புது மணத்தால் குழம்பி எங்கேயாவது ஒன்றுக்குப் போகலாம். அதன் பழைய பாயைப் புதிதாகத் தோய்க்காமல் அப்படியே பழைய இடத்தில் போட்டு வையுங்கள்.

படி 9: அன்றாடத் துப்புரவு

சிறுநீர் கண்டவுடன் தேய்க்காதீர்கள். பழந்துணியால் ஒற்றியெடுத்து, தண்ணீர் ஊற்றி மறுபடி ஒற்றி, பிறகு செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் நொதி கிளீனரைத் தெளித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஈரமாகவே விடுங்கள். கோட்டில் ஊறிப்போன பழைய கறைக்கு, கிளீனர் ஊற்றிப் பொலித்தீனால் மூடி இரவு முழுக்க விடலாம். எங்கே ஊறியிருக்கிறது என்று தெரியாவிட்டால், விளக்கை அணைத்து ஊதாக்கதிர் டோர்ச் அடியுங்கள். கறை வெளிறி ஒளிரும்.

பிளீச்சை நேரே சிறுநீர்மேல் ஊற்றுவது ஆபத்து. அமோனியாவோடு சேர்ந்தால் மூச்சடைக்கும் வாயு வரும். அமோனியா உள்ள கிளீனரும் கூடாது. அந்த மணம் 'இதுதான் இடம்' என்று நாய்க்குச் சொல்லும். பீனைல் வகைக் கிருமிநாசினியைப் பூனையின் ஈரல் உடைக்கமாட்டாது. பாவிக்கத்தான் வேண்டுமென்றால், பின்னர் நல்ல தண்ணீரால் துடைத்துத் தரை காய்ந்தபிறகே பூனையை விடுங்கள்.

மொப் வாளிக்குச் சவர்க்காரத் திரவம் ஒரு மூடி போதும். கூடினால் அது படலமாகக் காய்ந்து, ஆர்10 டைலையும் வழுக்க வைக்கும். தரை திடீரென்று வழுக்குகிறது என்றால் டைலைக் குறைசொல்ல முன், இரண்டு நாள் வெறும் தண்ணீரால் துடைத்துப் பாருங்கள்.

நாயின் நகத்தையும் பாருங்கள். நடக்கும்போது டைலில் 'டிக் டிக்' என்று கேட்டால் நகம் நீளம்; நகம் முதலில் படுவதால் பாதத்தின் மெத்தை தரையைப் பிடிக்காது. விரலிடை முடியையும் கத்தரித்தால், அதே தரையில் அதே நாய் நேராக நடக்கும்.

வாடகை வீடென்றால்

மினுங்கும் டைல் போட்ட வாடகை வீட்டில் தரையை மாற்ற முடியாது. நாய் ஓடித் திரும்பும் முனையிலும் படுக்கையிலிருந்து எழும்பும் இடத்திலும் வழுக்காத அடியுள்ள, தோய்க்கக்கூடிய நீளப்பாய் போடுங்கள். பாய்களுக்கு நடுவில் ஒரு பாய்ச்சல் தூரம் விடக்கூடாது, அங்கேதான் விழும். சுவரோரச் சிலிக்கோனை வீட்டுக்காரரிடம் கேட்டு நீங்களே இழுக்கலாம். பின்னேரம் ஒன்று போதும். குடிவர முன்பே பொந்துச் சத்தம் கேட்கும் டைல்களையும் பழைய கறைகளையும் திகதி தெரியப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள், முற்பணத்தில் பிடிக்கிற பேச்சு அப்போது வராது.

சொந்த வீட்டுக்காரர் மிஞ்சிய டைலை எறிய வேண்டாம். ஷேட் இலக்கம் உள்ள பெட்டி அட்டையையும் கிரவுட்டின் நிறப்பெயரையும் பற்றுச்சீட்டோடு ஒரு பொலித்தீனில் போட்டு, அந்த டைல்களோடு படிக்குக் கீழே நிமிர்த்தி வையுங்கள். அந்த டைல் சில வருடங்களில் சந்தையிலிருந்தே போய்விடலாம்.